வலது பக்கத்தில் நூற்று நாற்பது கிராம்

எழுதுவதை நிறுத்தி எழுபத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணி. சமையலறை மேடையில், உப்பு ஜாடிக்குப் பின்னால் அவள் தள்ளி வைத்திருந்த சிறிய தராசின் திரை ஒளிர்ந்துகொண்டிருந்தது.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குப் பால் எடை போட்டாள். நூற்று எண்பது கிராம். நோட்டில் எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டு, தராசை அணைத்துச் சுவரோடு ஒட்டி வைத்தாள். அதற்குப் பிறகு அதைத் தொடவில்லை. இப்போது திரையில் ஓர் எண் இருந்தது. கழித்தல் குறியோடு நூற்று நாற்பது.

அவள் குடிநீர் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுவதும் தராசுகளோடு இருப்பவள். மேலே ஒன்றும் இல்லாத தராசு பூஜ்யம் காட்ட வேண்டும். கழித்தல் குறி காட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். தராசை இயக்கியபோது அதன் மேல் ஏதோ இருந்திருக்கிறது. பிறகு யாரோ அதை எடுத்திருக்கிறார்கள்.

வீட்டில் அவளைத் தவிர யாரும் இல்லை.

பேட்டரி தீரும் நிலையில் இருக்கலாம், ஈரம் புகுந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தி அணைத்தாள். அப்போதுதான் அந்த வாசனை வந்தது. அடுப்பிலிருந்து எழும் சோற்று ஆவிக்கு அடியில், மெல்லியதாக, இனிப்பும் புளிப்புமாக, பழுத்து நாள் கடந்த பழம் போலவும் நகச்சாயம் அழிக்கும் திரவம் போலவும் ஒரு வாசனை. ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கடைசியாக அலசும் அசிட்டோன். வீட்டில் அது கிடையாது. ஆனால் அந்த வாசனை வருவதற்குப் பாட்டில் வேண்டியதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். நீண்ட நேரம் சாப்பிடாத உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும். மூச்சில் அது வரும்.

உள்ளங்கையைக் குவித்து வாய் முன்னால் வைத்து ஊதி முகர்ந்து பார்த்தாள். பற்பசை வாசனைதான் வந்தது.

சன்னலைத் திறந்தாள். தெருவில் யாரோ ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வாளியில் தண்ணீர் விழும் சத்தம், வெயில், எதிர் வீட்டு மாடியில் காயும் போர்வை. எல்லாம் ஒழுங்காக இருந்தன. வாசனை மட்டும் வெளியே போகவில்லை.

நிறுத்தச் சொன்னது டயட்டீஷியன். தொண்ணூற்றொரு கிலோவிலிருந்து அறுபத்தேழுக்கு இறங்க இரண்டு வருடம் பிடித்தது. கடைசி ஆறு மாதமாக முள் அசையவில்லை. "இனிமே எழுத வேண்டாம்," என்றார் அந்த அம்மாள், நோட்டை மூடி அவள் பக்கம் தள்ளி. "நோட்டு ஊன்றுகோல் மாதிரி. கால் சரியானதுக்கப்புறமும் யாராவது ஊன்றுகோலோட நடப்பாங்களா? பசிச்சா சாப்பிடுங்க. போதும்னா நிறுத்துங்க. வயிறு என்ன சொல்லுதுன்னு கேளுங்க."

"மறுபடி ஏறிட்டா?"

"ஏறினா பார்த்துக்கலாம். ஆயுசு முழுக்க எடை போட்டுச் சாப்பிட முடியாதும்மா."

ஆய்வகத்திலும் இதையே ஒருவன் சொன்னான். எடை எடுப்பதற்கு முன் தராசைப் பத்துத் தடவை பூஜ்யத்துக்குக் கொண்டுவருவான் என்பதால் அவனுக்கு சைபர் என்று பெயர். "எங்க அத்தை இருபது வருஷமா எழுதறாங்க. இதுவரைக்கும் ஆறு நோட்டு, பதினோரு கிலோ. ரெண்டுமே ஏறிட்டுதான் போகுது," என்று சிரித்தான். பிறகு அவள் நோட்டை வாங்கிப் புரட்டி, அவனுக்கே உரிய பழக்கத்தில் கால்குலேட்டரைத் தட்டினான். "நீ எழுதியிருக்கறபடி பார்த்தா முப்பத்தொரு கிலோ குறைஞ்சிருக்கணும். இருபத்துநாலுதான் குறைஞ்சிருக்கு. மீதி ஏழு கிலோ எங்கே ஒளிச்சு வச்சிருக்கே?"

அவள் சிரிக்க முயன்றாள். காதுமடல் சுட்டது. கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள். வெளியே வந்தபோது சைபர் அதை மறந்துவிட்டிருந்தான்.

அவன் பார்த்தது இடது பக்கங்களை மட்டும்தான்.

நோட்டில் இடது பக்கம் அவளுடையது. வலது பக்கம் அம்மாவுடையது. அம்மாவுக்கு ஞாபகம் நழுவத் தொடங்கியபோது, சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் "இன்னும் சாப்பாடு போடலையே" என்று கேட்கத் தொடங்கியபோது, நரம்பு டாக்டர் சொன்னார், என்ன கொடுக்கிறீர்கள் என்று எழுதி வையுங்கள் என்று. அவளிடம் நோட்டு ஏற்கெனவே இருந்தது. வலது பக்கங்கள் காலியாக இருந்தன. தேதி, நேரம், பொருள், கிராம், சுருக்கொப்பம் என்று கோடு போட்டாள். ஆய்வகத்தில் போடுவது போலவே. பென்சில் கூடாது. அழிக்கக் கூடாது. தவறு என்றால் ஒரே ஒரு கோடு, அடியில் இருக்கும் எண் தெரியும்படி, பக்கத்தில் ஒப்பம். பக்கத்தைக் கிழிக்கவே கூடாது.

அம்மாவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. பதிவு அலுவலகத்தில் முப்பது வருடம் எழுத்தராக இருந்தவள். என்ன மறந்தாலும் பதிவேட்டை மறக்கவில்லை. "நான் சாப்பிட்டேனாம்மா?" என்று கேட்பாள். அவள் நோட்டை முன்னால் வைப்பாள். அம்மா ஆள்காட்டி விரலை வரிக்கு அடியில் வைத்து, நகம் தாளில் உரச, இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்துவாள். மதியம் ஒரு மணி. சோறு. நூற்று நாற்பது. ஒப்பத்தில் விரல் வந்து நிற்கும். மகள் முகத்தை நிமிர்ந்து பார்ப்பாள்.

"எழுதியிருக்கே. அப்ப சாப்பிட்டிருப்பேன்."

அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க மாட்டாள்.

அவள் எழுதியது, தட்டில் எடுத்த எடை. தட்டு திரும்பி வரும்போது அவள் எடை போட்டதில்லை. ஆய்வகத்தில் அப்படி ஒரு பாதி வேலையைச் செய்தால் சைபரே கிழித்துத் தொங்கவிடுவான்.

அவள் தனக்குச் சோறு போட்டுக்கொண்டாள். அளக்காமல், கண்ணால் பார்த்து. இரண்டு கரண்டி. இது போதுமா, அதிகமா என்று வயிற்றைக் கேட்டாள். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. மேசையில் உட்கார்ந்து முதல் கவளத்தை எடுத்தபோது, அம்மாவின் அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது.

சர்ர்ர்.

நின்றது. மறுபடி.

சர்ர்ர்.

உலர்ந்த நகம் தாளில் உரசும் சத்தம். அவசரமில்லாமல், ஒரு வரியின் நீளத்துக்கு நகர்ந்து, நின்று, அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பிப் போக எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அமைதி காத்து, மறுபடியும் தொடங்கியது. மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த அறையில் ஐந்து மாதமாக மின்விசிறி ஓடவில்லை. அம்மா போய் ஐந்து மாதம் ஆகிவிட்டது.

நான்காவது நோட்டு, கடைசி நோட்டு, அந்த அறை மேசையில்தான் இருந்தது. இனி எழுதுவதில்லை என்று வியாழக்கிழமை முடிவு செய்தபின் அதை அங்கே வைத்துக் கதவைச் சாத்தியிருந்தாள். மூடித்தான் வைத்தாள்.

கவளத்தைத் தட்டில் திரும்ப வைத்தாள். அது நியாயமான காரியம் போலத் தோன்றியது.

இந்தச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தனக்குள்கூட முழு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டதில்லை. அம்மாவை எடுத்துக்கொண்டு போன மறுநாள், வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு, மதியம் ஒரு மணிக்கு அது முதலில் கேட்டது. அவள் நோட்டைத் திறந்து வலது பக்கத்தில் எழுதினாள். ஒரு மணி. சோறு. நூற்று நாற்பது. சத்தம் நின்றது. சோறு எடுத்து வைக்கவில்லை, எண்ணை மட்டும்தான் எழுதினாள். மறுநாளும் எழுதினாள். ஐந்து மாதமும் எழுதினாள். முள் அசையாமல் நின்ற பிறகும் அவள் எழுதுவதை ஏன் விடவில்லை என்று டயட்டீஷியன் கேட்டபோது, பயமாக இருக்கிறது என்று சொன்னாள். அது பொய்யில்லை. அந்த அம்மாள் கையைத் தட்டிக் கொடுத்து, எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்றார்.

எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நம்பித்தான் வியாழக்கிழமை நிறுத்தினாள். அதன் பிறகு மூன்று நாளும் ஒரு மணிக்கு வீட்டில் இல்லாதபடி பார்த்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தபோது வாசனை முகத்தில் அடித்தது. அறையில் வெயில் நன்றாக இருந்தது. விரிப்பு இல்லாத கட்டில், மடித்த போர்வை, திருப்பிக் கொடுத்துவிட்ட சக்கர நாற்காலி நின்ற இடத்தில் தரையில் இரண்டு தடம். யாரும் இல்லை. நோட்டு திறந்திருந்தது, வலது பக்கம்.

புதன்கிழமை மதியத்துக்கு அடுத்து வரிகள் காலியாகத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு காலி வரிக்கும் அடியில், தாளில், ஒரு பள்ளம். மையில்லாத கோடு. இடது ஓரத்தில் தொடங்கி ஒப்பத்துக்கான கட்டம் வரை. ஒரே தடவையில் வராது அவ்வளவு ஆழம். பல தடவை, அதே வரியில், அதே விரல். இல்லாத எண்ணைத் தேடி.

கடைசிக் கட்டத்தில் தாள் நைந்து கிழிந்திருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பேனாவை எடுத்தாள். ஞாபகத்திலிருந்து முந்தைய தேதி போட்டு எழுதுவது ஆய்வகத்தில் வேலை போகும் குற்றம். வியாழன் எழுதினாள், வெள்ளி எழுதினாள், சனி. இன்று. ஒரு மணி. சோறு. நூற்று நாற்பது. ஒப்பம். கை வேகமாகத்தான் ஓடியது, பழகிய எண். மணி இரண்டு பத்து.

அமைதி.

ஸ்கூட்டர்காரர் வாளியைக் கவிழ்த்தார். தண்ணீர் தெருவில் ஓடும் சத்தம் கேட்டது. அவள் மூச்சு விட்டாள். இவ்வளவுதான், ஒரு நாளைக்கு ஒரு வரி, ஆயுசுக்கும் எழுதினால் என்ன, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். அப்படி நினைத்தபோது ஏற்பட்ட நிம்மதியே அவளுக்கு அசிங்கமாக இருந்தது.

பிறகு அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மை இன்னும் காயாத கடைசி வரியின் இடது ஓரத்தில் தாள் அமுங்கியது.

ஊசிமுனை அளவு பள்ளம். அது நகர்ந்தது. வரிக்கு அடியில் அல்ல. வரியின் மேலே. தேதியின் குறுக்கே, ஒரு மணியின் குறுக்கே, சோறு, நூற்று நாற்பது. ஈர மை நகத்தோடு இழுபட்டது. ஒரே கோடு. நேராக. அடியில் இருக்கும் எண் தெரியும்படி.

அடிக்கப்பட்டது.

சனி. வெள்ளி. வியாழன். மேலே மேலே. சர்ர்ர். சர்ர்ர். பக்கம் புரண்டது. அவள் புரட்டவில்லை. ஐந்து மாதத்து வரிகள், அம்மா போன பிறகு எழுதியவை, எல்லாம் ஒவ்வொன்றாக. அவள் எழுந்திருக்க நினைத்தாள். தொடைகள் நாற்காலியோடு ஒட்டியிருந்தன.

அம்மா உயிரோடு இருந்த நாட்களுக்கு வந்தபோது விரல் மெதுவானது. கடைசி நாளைத் தொடாமல் தாண்டியது. அதற்கு மேலே, காலைப் பால், தாண்டியது. இரவுச் சாப்பாடு, தாண்டியது. அவள் மாலை ஷிப்டுக்குப் போன பிறகு உதவிக்கு வந்த பெண் இரவில் ஊட்டிவிட்டுத் தொலைபேசியில் சொல்ல, மறுநாள் இவள் எழுதிய வரிகள் அவை. "அம்மா ராத்திரியில என்னமா சாப்பிடறாங்க," என்பாள் அந்தப் பெண். "நாள் பூரா பட்டினி கிடந்தவங்க மாதிரி வாங்கி வாங்கி." இவள் அதற்கு, டாக்டர் சொன்ன அளவுக்கு மேல் கொடுக்க வேண்டாம் என்று சொன்னாள்.

மதியச் சோற்றில் வந்து நின்றது. நூற்று நாற்பது. அடித்தது. முந்தைய மதியம். அடித்தது. எல்லா மதியங்களையும் அல்ல. அக்கா வந்து தங்கியிருந்த இரண்டு நாட்களைத் தாண்டியது. இவளுக்குக் காய்ச்சல் வந்து வாய் கசந்த வாரத்தைத் தாண்டியது. தவறு எது, தவறில்லாதது எது என்று அதற்குத் தெரிந்திருந்தது. ஒரு வரிகூடப் பிசகவில்லை. அவளே உட்கார்ந்து திருத்தியிருந்தாலும் இவ்வளவு சரியாகச் செய்திருக்க முடியாது.

அழைப்பு மணி அடித்தது.

அக்கா நான்கு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். மணி நான்கு. அந்த நாற்காலியில் எவ்வளவு நேரம் இருந்தாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என்னடி, கதவைத் திறக்க இவ்வளவு நேரம்? உள்ள யாரையாவது ஒளிச்சு வச்சிருக்கியா?" அக்கா பைகளைக் கீழே போட்டாள். அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்படியே போனா உன்னைக் கொடியில கிளிப் போட்டுத்தான் காயப்போடணும். சாப்பிட்டியா?"

"ம்."

"பொய். தட்டு அப்படியே இருக்கு. சோறு வறண்டு கிடக்கு பாரு." அக்கா மூக்கைச் சுளித்தாள். "என்ன இது, நெயில் பாலிஷ் வாசனை? யாருக்கு அலங்காரம்?"

அக்காவுக்கும் அந்த வாசனை வருகிறது.

அக்கா வந்தது நோட்டுகளுக்காக. நரம்பு டாக்டர் கேட்டிருந்தார். ஞாபகம் போன பெற்றோரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் மற்றக் குடும்பங்களுக்குக் காட்ட வேண்டுமாம், இப்படி ஒரு பெண் கிராம் கிராமாக எழுதியிருக்கிறாள் என்று. அம்மாவின் எடை நாற்பத்தாறிலிருந்து முப்பத்தைந்துக்கு இறங்கியபோது அதே டாக்டர் அதே நோட்டைத்தான் புரட்டிப் பார்த்தார். சாப்பாடு சரியாகத்தான் போகிறது, இந்த நோயில் உடம்பு ஏற்காது, உங்கள் மேல் தவறில்லை என்றார். அன்றும் அவள் காதுமடல் சுட்டது.

மூன்று நோட்டுகளை மேசையில் அடுக்கி வைத்தாள். நான்காவதைத் தர மாட்டேன் என்று முடிவு செய்திருந்தாள்.

"நாலுன்னு சொன்னியே?"

"அது பாதிதான்க்கா. ஒண்ணும் இல்லை அதுல."

"எனக்கு அதுதான்டி வேணும். அம்மாவோட கடைசி நாள் அதுலதானே இருக்கு?" அக்கா எழுந்து அம்மாவின் அறைக்குள் போனாள். தடுக்கக் கை எழவில்லை. திறந்த நோட்டைக் கொண்டுவந்து அவளுக்கு எதிரே உட்கார்ந்து மடியில் வைத்துக்கொண்டாள். "என்னடி பக்கமெல்லாம் கோடு கோடா? மை இல்லாத பேனாவை வச்சுக் கிறுக்கினியா?"

அக்கா நோட்டை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். தேதிகளைப் பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது. ஒரு பக்கம், அடுத்த பக்கம். அக்காவின் உதடு கோணியது.

"போனதுக்கு அப்புறமும் எழுதியிருக்கியா."

அவள் தரையைப் பார்த்தாள்.

"பைத்தியக்காரி." அக்கா மேசையைச் சுற்றி வந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். புடவையில் பயணத்தின் புழுதியும் வியர்வையும் மணத்தன. "அஞ்சு மாசமா தனியா உக்காந்து இதைப் பண்ணியிருக்கே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நான் எதுக்குடி இருக்கேன்? மூத்த பொண்ணு நான், வருஷத்துக்கு ரெண்டு தடவை வந்து பழம் வாங்கிக் கொடுத்துட்டுப் போனேன். நீதான் எல்லாம் பண்ணே. ஒவ்வொரு வேளையும்."

"விடுக்கா."

"விட மாட்டேன். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லுவேன். என் தங்கச்சி மாதிரி யாரும் பார்த்துக்கலைன்னு."

"விடுக்கா, தயவுசெய்து."

அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு மறுபடி போய் உட்கார்ந்தாள். நோட்டை மேசையில் விரித்து, கண்ணாடியை மாட்டி, அம்மாவைப் போலவே ஆள்காட்டி விரலை வரிக்கு அடியில் வைத்தாள். அம்மாவின் கடைசி நாள் இருந்த பக்கத்தை முதலிலிருந்து படிக்கத் தொடங்கினாள், வாய்விட்டு.

"காலை எட்டு. பால், நூற்றைம்பது. ரொட்டி, நாற்பது."

விரல் நகர்ந்தது. அடுத்த வரிக்கு இறங்கியது.

அவள் அப்போது பார்த்தாள். அக்காவின் விரல் விட்டுப்போன வரியில் இன்னொரு விரல் இருந்தது.

சாம்பல் நிறம். எலும்பின் மேல் தோல் மட்டும். நகம் வளர்ந்து, வளைந்து, ஓரத்தில் நீல மை. மேசையின் விளிம்புக்கு அடியிலிருந்து, அக்காவின் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே இருந்த இடைவெளி வழியாக அது வந்திருந்தது. அக்கா படித்து முடித்த வரியில் அது தொடங்கியது. ஒரு வரி பின்னால். சரிபார்த்துக்கொண்டே.

"மதியம் ஒண்ணு. சோறு, நூற்று நாற்பது. வாழைப்பழம், தொண்ணூறு." அக்கா லேசாகச் சிரித்தாள். "பழத்தைக்கூடத் தோலை உரிச்சிட்டுத்தான் எடை போட்டியா?"

சர்ர்ர்.

"சத்தம் கேக்குதா?" என்றாள் அவள்.

"என்ன சத்தம்? இரவு எட்டு. கஞ்சி, இருநூறு."

வாசனை கெட்டியாகிக்கொண்டே வந்தது. தொண்டையில் இனித்தது. அக்கா ஒரு கையால் முகத்துக்கு முன்னால் விசிறிக்கொண்டாள், பார்வையைத் தாளிலிருந்து எடுக்காமல். அக்காவின் தோளுக்கு மேலே, காதுக்குப் பின்னால், முடி லேசாக அசைந்தது. அங்கே யாரோ மூச்சு விடுகிறார்கள். அங்கே பார்க்கக் கூடாது. தாளை மட்டும் பார். விரலை மட்டும் பார்.

"இதோ. கடைசி நாள்." அக்காவின் குரல் தழைந்தது. "காலைப் பால். மதியம் ஒரு மணி, சோறு, நூற்று நாற்பது. அவ்வளவுதான். சாயங்காலம் போயிட்டாங்க."

அக்காவின் விரல் நின்றது.

மற்ற விரல் வந்து சேர்ந்தது. இப்போது இரண்டும் ஒரே வரியில். அது இந்த வரியை அடிக்கவில்லை. தேதியைக் கடந்தது. நேரத்தைக் கடந்தது. எண்ணைக் கடந்தது. சுருக்கொப்பத்துக்கான கட்டத்தில் போய் நின்றது. அங்கே ஏற்கெனவே அவளுடைய ஒப்பம் இருந்தது. அதன் மேல் நகத்தால் தட்டியது. ஒரு தடவை. காத்திருந்தது. இன்னொரு தடவை.

அடிப்பதற்கு ஒப்பம் வேண்டும். தவறை எழுதியவர்தான் போட வேண்டும்.

அக்கா கண்ணாடியைக் கழற்றினாள். கண்கள் சிவந்திருந்தன. "நான் வரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சு போச்சு. முகத்தைக்கூட மூடிட்டாங்க. படுத்தா தூக்கம் வரலைடி எனக்கு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், சொல்லு. அன்னிக்கு மத்தியானம் வயிறு நிறைய சாப்பிட்டாங்கல்ல? பசியோட போகலைல்ல? அது ஒண்ணு தெரிஞ்சா போதும் எனக்கு."

ஆம் என்று தலையசைத்தால் போதும். எழுதியிருக்கிறது. அக்கா இன்றிரவு தூங்குவாள். டாக்டர் நோட்டை எல்லாருக்கும் காட்டுவார். அவள் நாளைக்கு ஒரு மணிக்கு எழுதலாம், நாளை மறுநாள் எழுதலாம், அறுபத்தேழு கிலோவாகவே இருந்து கிழவியாகி எழுதிக்கொண்டே இருக்கலாம். விரல் அடிக்கும். அவள் எழுதுவாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

அக்காவின் தோளின் மேல் அந்த முகம் தாடையை வைத்திருந்தது. முப்பத்தைந்து கிலோவின் முகம் அல்ல, அதற்கும் கீழே, ஐந்து மாதத்துக்கும் கீழே. கன்னங்கள் பற்களோடு ஒட்டியிருந்தன. கோபம் இல்லை அதில். கோபம் இருந்திருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். எப்போதும் போல, சாப்பிட்டேனா இல்லையா என்று தெரியாத, நீ சொன்னால் நம்பிக்கொள்கிறேன் என்கிற, பதிவேட்டை நம்பிய முகம். வாய் திறந்திருந்தது. உள்ளே சுத்தமாக இருந்தது. பருக்கை ஒன்றுகூட ஒட்டாத, கழுவி வைத்தது போன்ற வாய்.

"சொல்லுடி," என்றாள் அக்கா. "சாப்பிட்டாங்கதானே?"

நகம் தட்டியது.

"இல்லக்கா." குரல் அவளுடையதாக இல்லை. எங்கிருந்தோ, வயிற்றிலிருந்து வந்தது. "அம்மா சாப்பிடலை. அன்னிக்கு மட்டும் இல்லை. எட்டு மாசமா மத்தியானம் சாப்பிடலை. எனக்குப் பசி. என் பக்கத்துல எழுத முடியாது. அதனால அம்மா தட்டுல போட்டு, அம்மா பேருல எழுதி, அம்மா எதிர்ல உக்காந்து நான் சாப்பிட்டேன். பசிக்குதும்மான்னு அவங்க கேட்டப்பல்லாம், நீ சாப்பிட்டேம்மான்னு சொல்லி நோட்டைக் காட்டினேன்."